பத்து வருஷம் கழித்தும் பட்டனைத் தட்டினால் கிளம்புமா?

பலருக்கும் ஏ.டி.வி என்றால், மலைவாசஸ்தலத்தில் காசு கொடுத்து இரண்டு ரவுண்டு ஓட்டிப் பார்க்கும் பெரிய டயர் வண்டி. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வசிப்பவருக்கோ, நியூசிலாந்தின் மலைச்சரிவில் ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவருக்கோ அது வீட்டுக்கு ஒரு வேலையாள் மாதிரி. வாசலில் குவிந்த பனியைத் தள்ளுவது, வேலிக் கம்பியும் தீவன மூட்டையும் சுமப்பது, குட்டி போட்ட ஆட்டைத் தேடிப் போவது எல்லாம் அதில்தான். போன் சிக்னல் இல்லாத இடத்தில், இருட்டும் நேரத்தில், உறைபனியில் அது நின்றுபோனால் வீடு வரை நடக்க வேண்டும். சில நாட்களில் அந்த நடை உயிருக்கே ஆபத்து.

அதனால் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் நான்கு பேர் கூடினால், எவ்வளவு வேகம் போகும் என்ற பேச்சு பின்னால்தான் வரும். ‘நம்பி ஏறலாமா?’ என்பதே முதல் கேள்வி. அதிலும் 400 முதல் 570 சி.சி வரையுள்ள நடுத்தர வண்டிகள் என்றால் விவாதம் சூடு பறக்கும். வேலைக்கும் பொழுதுபோக்குக்கும் சேர்த்து ஒரே வண்டியாக வாங்கும் குடும்பங்கள் பார்ப்பது இந்த சைஸைத்தான்.

குளிர்காலத்துக்காகப் பிறந்தது

குளிர்காலம் வந்தால் பைக் விற்பனை படுத்துவிடுகிறது, அப்போது விற்பதற்கு ஏதாவது கொடுங்கள் என்று அமெரிக்க டீலர்கள் கேட்டதால் ஹோண்டா உருவாக்கிய வண்டி 1970-ல் வந்தது. மூன்றே சக்கரம், பலூன் போல உப்பிய டயர்கள். 1971-ல் வெளியான ‘டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ ஜேம்ஸ் பாண்ட் படத்திலும் அது ஓடியது. ஆனால், மூன்று சக்கர வண்டிகள் சுலபமாகக் கவிழ்ந்தன. விபத்துகள் பெருகி, 1988-ல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனங்கள் அவற்றின் விற்பனையை நிறுத்தின.

அதற்குள் சுசுகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்திருந்தது. 1988-ல் வந்த ஹோண்டாவின் ‘ஃபோர்ட்ராக்ஸ் 300’ இந்தக் கதையில் ஒரு திருப்பம். காற்றால் குளிரும் எளிய எஞ்ஜின், நான்கு சக்கரங்களுக்கும் ஷாஃப்ட் மூலம் இழுவை. 2000-ம் ஆண்டு வரை விற்ற அந்த மாடல், இன்றும் பல பண்ணைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘அப்பா வாங்கியது, பையன் ஓட்டுகிறான்’ என்று சொல்லும் குடும்பங்கள் அங்கே ஏராளம். புதிதாக எந்த வண்டி வந்தாலும், அதை உரசிப் பார்க்கும் உரைகல் இதுதான்.

மூன்று வண்டி, மூன்று குணம்

இன்றைய நடுத்தர வண்டிகளில் அதிகம் அடிபடும் பெயர்கள் மூன்று.

ஹோண்டா ராஞ்சர் 420. 2007-ல் அறிமுகமானது. இதில் பெல்ட் கிடையாது, செயினும் கிடையாது. எல்லாமே கியரும் ஷாஃப்டும்தான். அறுந்துபோகும் பொருள் குறைவு என்பதால், ‘ஆயில் மாற்று, ஓட்டு, மறந்துவிடு’ என்பது இதை வைத்திருப்பவர்களின் பொதுவான கருத்து. குறை இல்லாமலா? அடிப்படை மாடலில் பின்பக்கம் ஒரே கட்டை ஆக்ஸில் என்பதால் கரடுமுரடான பாதையில் இடுப்பு பேசும். பட்டனைத் தட்டி கியர் மாற்றும் மாடலில் சென்சார், வயரிங் தகராறு வருகிறது என்பதும் பழைய வண்டிக்காரர்கள் சிலர் சொல்லும் புகார். அவர்களே, ‘காலால் கியர் மாற்றும் மாடலை வாங்கு, கவலை இல்லை’ என்றும் சொல்கிறார்கள்.

போலரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570. 2014-ல் சந்தைக்கு வந்தது. பின்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் இயங்குவதால் சோபாவில் உட்கார்ந்து போவது போல இருக்கும். பின்சக்கரம் வழுக்கினால் முன்சக்கரங்கள் தாமாகவே சேர்ந்து இழுக்கும். நம் ஊர் ஸ்கூட்டரில் இருப்பது போன்ற பெல்ட் டிரைவ். வசதியில் இதற்கு ஏகப்பட்ட ரசிகர்கள். ஆயுள் என்று வரும்போது கருத்து இரண்டாகப் பிரிகிறது. புஷ், பால் ஜாயின்ட், பேரிங் போன்றவற்றை அடிக்கடி கவனிக்க வேண்டியிருக்கிறது என்பது ஒரு தரப்பு. கிரீஸ் வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தால் ஆயிரம் மணி நேரமும் ஓடும் என்பது மறுதரப்பு.

யமஹா கோடியாக் 450. இதுவும் பெல்ட் வண்டிதான். ஆனால் தனியாக ஒரு கிளட்ச் இருப்பதால், நின்றாலும் ஓடினாலும் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். வழுக்கித் தேய்வது குறைவு. பெல்ட் மீது பயம் உள்ளவர்களையும் பெல்ட் வண்டிக்கு இழுத்தது இந்த அமைப்பு. இறக்கத்தில் எஞ்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால், மலைப்பகுதிக்காரர்கள் இதை விரும்புகிறார்கள்.

யார் சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார்?

ஒரே மாடலை ஒருவர் தங்கம் என்பார், இன்னொருவர் தகரம் என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. கேட்பவர்தான் சில விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எத்தனை மணி நேரம் ஓடிய வண்டி என்பது. பண்ணை வண்டி மெதுவாக ஊர்ந்தே வேலை செய்யும். கிலோமீட்டர் ஏறாது, எஞ்ஜின் தேய்ந்துகொண்டே இருக்கும். அதனால் இந்த வண்டிகளில் மணிக்கணக்கு காட்டும் மீட்டர்தான் உண்மையான ஜாதகம். வாங்கி மூன்று மாதம் ஆனவரின் பாராட்டு புதுமாப்பிள்ளையின் பேச்சு மாதிரி. ஐந்து குளிர்காலம் கடந்தவர் சொல்வதற்குத்தான் எடை அதிகம்.

இரண்டாவது, என்ன வேலை வாங்கினார் என்பது. பெல்ட் வண்டியில் பாரம் இழுக்கும்போது ‘லோ’ கியர் போட வேண்டும். ‘ஹை’யில் வைத்தே பனி தள்ளியவர், பெல்ட் கருகிவிட்டது என்று வண்டியைத் திட்டுவார். கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயர் மாட்டியவருக்கும் இதே கதைதான். கூடுதல் சுமை முழுவதும் பெல்ட்டிலும் ஆக்ஸிலிலும் இறங்கும்.

மூன்றாவது, அதிகம் விற்ற வண்டிக்குப் புகாரும் அதிகமாகவே காதில் விழும். அதோடு, சிக்கல் வந்தவர்தான் பத்து பேரிடம் சொல்வார். சிக்கல் இல்லாதவர் ஓட்டிக்கொண்டே போய்விடுவார்.

எல்லோரும் தலையாட்டும் இடம்

பிராண்டு சண்டை ஓய்ந்தபின், அனுபவசாலிகள் எல்லோரும் ஒன்றுபோலச் சொல்வது பராமரிப்பைத்தான். புது வண்டிக்கு முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது; முதல் 20 மணி நேரத்தையொட்டியே பல மாடல்களுக்கு அது வந்துவிடும். தூசியில் ஓட்டினால் ஏர் ஃபில்டரை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். கவனிக்காத ஃபில்டர் எஞ்ஜினை உள்ளிருந்தே அரித்துவிடும். ஆழத் தண்ணீரில் இறக்கி ஏற்றினால், எஞ்ஜினில் மட்டுமல்லாமல் முன், பின் டிஃபரன்ஷியலிலும் ஆயிலைப் பார்க்க வேண்டும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஓட்டாத மாதங்களில் பேட்டரியை சார்ஜில் வைப்பதும் முக்கியம். ‘வண்டி கிளம்பவில்லை’ என்ற புகார்களில் பலவும் செத்த பேட்டரியில்தான் போய் முடிகின்றன.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கும் இதே பாடம்தான். மீட்டரில் குறைந்த மணி நேரம் காட்டி, கால் வைக்கும் இடமும் சீட்டும் தேய்ந்திருந்தால் சந்தேகப்படலாம். ஆக்ஸிலின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா, சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் லொடலொடக்கிறதா, ஏர் பாக்ஸுக்குள் காய்ந்த சேறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடான வண்டியைக் காட்டி ஸ்டார்ட் செய்பவரிடம், ஆறிய பிறகு இன்னொரு முறை ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும்.

வண்டி நல்லது... ஆனால்?

பழுதே வராத வண்டியும் கவிழும். இதை ஆஸ்திரேலியா கசப்போடு கற்றுக்கொண்டது. பண்ணை மரணங்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக இந்த வண்டி மாறியதால், கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் அமைப்பு புதிய பண்ணை வண்டிகளில் இருந்தே ஆக வேண்டும் என்று 2021 அக்டோபர் முதல் அங்கே சட்டமானது. அதை ஏற்காத சில பெரிய நிறுவனங்கள் அந்த நாட்டில் இவற்றை விற்பதையே விட்டுவிட்டன.

அமெரிக்காவில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர்களுக்கான ஏ.டி.வி-யை ஓட்டக் கூடாது என்பது பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. பெரும்பாலான மாடல்கள் ஒருவர் மட்டும் உட்காரவே செய்யப்பட்டவை. பின்னால் குழந்தையை ஏற்றினால் எடை இடம் மாறி, மேட்டில் வண்டி பின்பக்கமாகச் சாயலாம். ஹெல்மெட் இல்லாமல் ‘நம்ம தோட்டம்தானே’ என்று கிளம்புவதற்கும் இதே ஆபத்து உண்டு.

ஆகவே, வாங்கும்முன் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பதே புத்திசாலித்தனம். வண்டி நம்மைக் கைவிடாமல் ஓடுமா என்பது ஒன்று. அதற்குப் பத்து வருஷம் ஓட்டியவர்கள் பதில் சொல்வார்கள். அதில் ஏறுபவர் பத்திரமாகத் திரும்புவாரா என்பது இன்னொன்று. அதற்கு ஓட்டுபவர்தான் தினமும் பதில் சொல்ல வேண்டும்.