பெட்டியில் உறங்கும் படச்சுருள்கள்



சென்ற விடுப்பில் ஹேவ்லாக் தீவில் வாழும் நம் சிற்றப்பா இல்லத்தில் தங்கியிருந்தோம். 2018-இல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பெற்ற அத்தீவில் மழைக்கும் ஈரத்துக்கும் குறைவில்லை. ஒருநாள் சிற்றன்னையார் பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கினார். அவர்தம் திருமணப் படங்களைக் கரையான் தின்றுவிட, நெகடிவுகளே எஞ்சியிருந்தன. அவற்றுள் ஒன்றில், பாட்டியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது.

"குறைந்த விலையில் ஒரு ஸ்கேனர் பார்த்து வாங்கி அனுப்பப்பா" என்றார் சிற்றப்பா. ஊர் திரும்பியதும் கடைக்காரர் சொல்லை நம்பிச் சில ஆயிரம் ரூபாயில் ஒன்று வாங்கி அனுப்பினோம். படம் விழவில்லை, கருந்திட்டே விழுந்தது. அது காகிதத்துக்கு உரிய கருவி. காகிதம் ஒளியைத் திருப்பி அனுப்பும். பிலிமோ ஒளியைத் தன்னூடே செலுத்தும். மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனரே பிலிமுக்கு உதவும்.

பார்சலை நிறுக்காமல் ரசீது எழுதலாகாது என்பது நம் இரயில்வே அலுவலகப் பாடம். அதனை இங்கு மறந்தோம். முதலில் பிலிமை அளந்திடுக. 35 மி.மீ. சுருள் ஒருவகை. ஆக்பா கிளிக் 3 போன்ற பழைய காமிராக்களில் இட்ட 120 சுருள், ஏறத்தாழ 6 செ.மீ. அகலமுள்ள மற்றொரு வகை. பிளஸ்டெக் ஆப்டிக்பிலிம் 8100 முன்னதை மட்டுமே ஏற்கும். எப்சன் வி600 இரண்டையும் ஏற்கும். சிறு திரையுடன் வரும் மலிவான பெட்டிகள் பல, உண்மையில் உள்ளே காமிரா பொருத்தியவையே. அவசரத்துக்கு ஆகும், நுட்பம் குறையும். நல்ல டிஜிட்டல் காமிராவும் அண்மைக்காட்சி லென்சும் உள்ளோர்க்கு ஓர் ஒளிப்பலகையே போதும்.

பெரிய எண்களைக் கண்டு மயங்கற்க. 35 மி.மீ. படத்தை அங்குலத்துக்கு 2400 புள்ளி வீதம் பதிந்தால், ஏறத்தாழ 77 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு அது போதும். அகச்சிவப்பு ஒளியால் தூசியை நீக்கும் வசதி வண்ணப் பிலிமுக்கே பெரிதும் பயன்படும். வழக்கமான கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு உதவாது. அவை மட்டும் உள்ளோர் அதற்கெனக் கூடுதல் பணம் தருதல் வீண்.

ஒரு குடும்பத்துக்கு ஓரிரு மாத வேலையே இருக்கும். ஆகவே நான்கைந்து குடும்பங்கள் கூடி ஒரு கருவி வாங்குவதே சிக்கனம்.

பூஞ்சை பிடித்த பிலிமை நீரில் கழுவாதீர், படலமே கரைந்துவிடும். புளித்த காடி நெடி வீசும் பிலிமைத் தனியே வைத்து, அதனையே முதலில் பதிந்திடுக. மற்றவற்றைச் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாப் பெட்டியில் இடுக. பதிந்தபின்னும் நெகடிவை எறியாதீர். பதிவின் ஒரு படி தீவிலும், மற்றொன்று தாய்நிலத்திலும் இருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. பதியும்போது பெரியவர்களை அருகில் அமர்த்திப் பெயர்களைக் கேட்டு எழுதுக. கருவியை அடுத்த மாதமும் வாங்கலாம். படத்தில் நிற்பவர் யாரெனச் சொல்ல அவர்கள் என்றும் இருப்பார்களோ?