கொடையில் வில்லுக்கு இடமில்லையா?

தண்பொருநைக் கரையூர்களில் அம்மன் கொடையும் மாடன் கொடையும் வில்லுப்பாட்டின்றி நடந்ததில்லை. நாணில் வீசுகோல் விழ, குடமும் உடுக்கையும் இணைய, பாட்டு ஏறுகையில்தான் சாமியாடியின்மேல் தெய்வம் இறங்கும். அது பொழுதுபோக்கன்று, வழிபாட்டின் உறுப்பு.

இன்றோ விழாக் குழுவினர் திரைப்பாட்டுக் குழுவினர்க்கு அள்ளிக் கொடுக்கின்றனர். வில்லுக்குக் கிள்ளிக் கொடுக்கின்றனர். ஒளிவிளக்கு மேடையும் முன்னிரவும் அவர்க்கு. உச்சிவெயிலும் நாலைந்து கிழவியரும் வில்லுக்கு! அத் திரைப்பாட்டுகளிலோ ஆங்கிலம் விரவாதது அரிது.

இழப்பது எது? பாவநாசத்துக்கு மேலே, சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டன் கதையை எண்ணுங்கள். பார்ப்பனக் குடியில் பிறந்தவன், செருப்புத் தைக்கும் குடிப்பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பினான். அவர்தம் தந்தை கேட்டவாறே பூணூலைக் களைந்து செருப்புத் தைத்தான், மணந்தான், மாடு கவர்ந்த கள்வரோடு பொருது மாண்டான். சாதியொழிப்பை நாம் மேடையில் முழங்குமுன்பே ஊர்க்கோயிலில் விடியவிடியப் பாடியவர் வில்லுப்பாட்டுக்காரர். பேராசிரியர் நா. வானமாமலை இக்கதையை 1971-இல் பதிப்பித்தார், நல்ல தொண்டு. ஆனால், நூலில் நாணொலி கேளாது.

சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் தாமரைத்திரு விருது கிடைத்தபோது நெல்லையே மகிழ்ந்தது. 2022-இல் அவர் மறைந்தார். அவர் வளர்த்தது மேடைவில். கோயில்வில்லைக் காக்க வேண்டியவர் ஊரார்.

இளைஞர்களே! அடுத்த கொடைக்கு வரி பிரிக்க வருவோரிடம் கேளுங்கள்: வில்லுக்கு எத்துணை உருபா? முன்னிரவு யாருக்கு? விடை கேட்டபின் வரி கொடுங்கள்.