ஜெர்மன் மொழி மீது ஒரு வீண்பழி

1984-இல் ஜெர்மனியின் 'டெர் ஷ்பீகல்' வார இதழின் அட்டைப்படக் கட்டுரை, ஒரு தொழில்வள நாடு தன் மொழியையே மறந்துகொண்டிருக்கிறது என்று புலம்பியது. 2006-இல் அதே இதழ், ஜெர்மனைக் காப்பாற்றுங்கள் என்று மறுபடியும் அட்டையிலேயே கூக்குரலிட்டது. இடைப்பட்ட 22 ஆண்டுகளில், மொழியை மறந்ததாகப் பழி சுமந்த பிள்ளைகள் வளர்ந்து, ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் அதே ஜெர்மனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தத்துவ அறிஞர் ஷோப்பன்ஹவர் தம் காலத்து எழுத்தாளர்கள் மொழியைச் சிதைப்பதாகக் கொதித்தார். 1617-இலேயே அயல்மொழிக் கலப்பிலிருந்து ஜெர்மனைக் காக்க ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். நானூறு ஆண்டுகளாகச் சாகக் கிடப்பதாகச் சொல்லப்படும் மொழி இது.

இந்தக் குற்றச்சாட்டு இன்றும் நான்கு வடிவங்களில் உலவுகிறது. ஆறாம் வேற்றுமை அழிகிறது, ஆங்கிலம் விழுங்குகிறது, கைபேசி கெடுக்கிறது, குடியேறிகளின் பிள்ளைகள் இலக்கணத்தை உடைக்கிறார்கள் என்கிறார்கள். நான்காவதுதான் மனிதர்களைக் காயப்படுத்துவது. ஆனால் அதற்குத் தாங்கு கட்டையாக நிற்பவை முதல் மூன்றும்தான். எனவே அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

பாஸ்டியான் சிக் என்ற பத்திரிகையாளர் 2004-இல் எழுதிய நூல் பெரும் விற்பனை கண்டது. நான்காம் வேற்றுமையே ஆறாம் வேற்றுமைக்கு எமன் என்பது அதன் தலைப்பின் பொருள். 'மழையின் காரணமாக' என்பதை எழுத்தில் 'வேகன் டெஸ் ரேகன்ஸ்' என்று ஆறாம் வேற்றுமையில் எழுத வேண்டும். பேச்சில் பலர் 'வேகன் டேம் ரேகன்' என்று நான்காம் வேற்றுமைக்குப் போய்விடுகிறார்கள். இது உண்மைதான். ஆனால் இது பாதிக் கதை. 'பொருட்படுத்தாமல்' என்ற பொருள் தரும் 'ட்ரோட்ஸ்' என்ற சொல் முன்பு நான்காம் வேற்றுமையைத்தான் ஏற்றது. அந்தப் பழைய வழக்கு 'ட்ரோட்ஸ்டேம்' ('இருந்தாலும்') என்ற சொல்லுக்குள் இன்றும் உறைந்து கிடக்கிறது. இன்றைய செந்தர எழுத்திலோ 'ட்ரோட்ஸ்' ஆறாம் வேற்றுமையைக் கேட்கிறது. முறைப்படி நான்காம் வேற்றுமை ஏற்க வேண்டிய வேறு சில சொற்களோடும் எழுத்தில் ஆறாம் வேற்றுமை சேர்ந்துவருவதை மொழியியலாளர் கிளாடியோ டி மெயோலா விரிவாகக் காட்டியிருக்கிறார். ஓரிடத்தில் தேயும் வேற்றுமை இன்னோரிடத்தில் வளர்கிறது. இதை யாரும் அட்டைப்படக் கட்டுரையாக்குவதில்லை.

இன்னும் அழகான சான்று ஒரு பூவின் பெயரில் இருக்கிறது. 'வெர்கிஸ்மைன்னிஷ்ட்' என்ற சிறு நீலப்பூவின் பெயருக்கு 'என்னை மறவாதே' என்று பொருள். அதிலுள்ள 'மைன்' பழைய ஆறாம் வேற்றுமை. 'மற' என்ற வினை ஒரு காலத்தில் அந்த வேற்றுமையைத்தான் ஏற்றது. பிறகு வழக்கு மாறி, இரண்டாம் வேற்றுமையில் 'மிஷ்' என்றாகிவிட்டது. இன்று 'வெர்கிஸ் மிஷ் நிஷ்ட்' என்று சொல்பவரை எந்த ஆசிரியரும் திருத்துவதில்லை. ஒரு காலத்தின் பிழை அடுத்த காலத்தின் இலக்கணமாகிவிட்டது. மொழி அதனால் எதையும் இழக்கவில்லை.

அடுத்தது ஆங்கிலம். கடன்சொல் வந்தால் இருந்த சொல் வெளியேறிவிடும் என்ற அச்சம் இதன் பின்னே இருக்கிறது. 2013-இல் ஜெர்மன் மொழி, இலக்கியக் கழகமும் அறிவியல் கழகங்களின் ஒன்றியமும் மொழியின் நிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. அதில் மொழியியலாளர் வொல்ஃப்காங் க்ளைன் கணித்தபடி, இன்றைய ஜெர்மன் சொற்களஞ்சியம் சுமார் 53 லட்சம் சொற்கள் கொண்டது. நூறாண்டுக்கு முன் இருந்தது சுமார் 37 லட்சம்தான். அதே அறிக்கையில் இன்னொரு மொழியியலாளர் பீட்டர் ஐசன்பெர்க், வந்த ஆங்கிலச் சொற்கள் ஜெர்மன் இலக்கணத்துக்குப் பணிந்து நடப்பதை விளக்கியிருக்கிறார். 'டவுன்லோட்' என்பதை எடுத்தவர்கள் அதன் பின்னே ஜெர்மன் வினை ஈற்றை ஒட்டி 'டவுன்லோடன்' ஆக்கினார்கள். இறந்தகால எச்சத்தில் நடுவே 'கெ' செருகி 'டவுன்கெலோடெட்' என்கிறார்கள், சொந்த வினைகளுக்குச் செய்வதைப் போலவே. விழுங்கியது யார், விழுங்கப்பட்டது யார் என்று அந்த ஒரு சொல்லே சொல்லும். கொரோனா காலத்தில் மட்டும் 2000-க்கும் மேற்பட்ட புதுச்சொற்களை மான்ஹைமிலுள்ள ஜெர்மன் மொழிக்கான லைப்னிட்ஸ் நிறுவனம் தொகுத்தது. சொல்லாக்கும் சக்தி வற்றிய மொழிக்கு இது முடியுமா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ரயில் நிலையப் பலகையில் ஆங்கிலம் மட்டும் இருந்து ஒரு முதியவர் வழி தெரியாமல் நின்றால் அது நியாயமான குறை. 2010-இல் ஜெர்மன் ரயில்வே ஆங்கிலச் சொற்களைக் குறைக்க முன்வந்தது சரியான முடிவு. அது குடிமகனுக்குப் புரியும்படி பேச வேண்டிய கடமை சார்ந்த விஷயம். மொழி சாவதற்கு அதைச் சான்றாக்க முடியாது.

கைபேசி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் வட்டாரப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளையும் அவர்களின் இணைய எழுத்தையும் ஒப்பிட்ட மொழியியலாளர் கிறிஸ்டா டியூர்ஷைட் குழுவினரின் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அரட்டை எழுத்தின் தாக்கம் பள்ளிக் கட்டுரைகளில் ஏறக்குறைய இல்லை என்பதுதான் அதன் முடிவு. தோழிக்கு வட்டார வழக்கில் எழுதும் அதே கை, ஆசிரியருக்குச் செந்தர ஜெர்மனில் எழுதுகிறது. பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச ஒப்பீடான பிசா தேர்வில் ஜெர்மன் மாணவர்களின் வாசிப்பு மதிப்பெண் 2018-இல் 498-ஆக இருந்து 2022-இல் 480-ஆக இறங்கியது உண்மை, கவலைக்குரியதும்கூட. அதற்குப் பள்ளிக்கூடங்களிடம்தான் விடை கேட்க வேண்டும்.

இனி நான்காவது. பெர்லினின் க்ரொய்ட்ஸ்பெர்க் போன்ற பல இனத்தவர் வாழும் பேட்டைகளில் இளைஞர்கள் தங்களுக்குள் பேசும் ஜெர்மனுக்குக் 'கீட்ஸ்டொய்ச்' என்று பெயர். 'பேட்டை ஜெர்மன்' என்று சொல்லலாம். ஹைகெ வீசெ என்ற பேராசிரியர் இதை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து, இது உருவாகிவரும் ஒரு புதிய வட்டார வழக்கு என்று 2012-இல் நூல் எழுதினார். அதற்காக அவருக்கு வசைக் கடிதங்கள் குவிந்தன. வட்டார வழக்கு என்ற மரியாதையை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதா என்பதுதான் கோபம்.

அந்த வழக்கில் ஒருவன் 'மோர்கன் இஷ் கே கினோ' என்பான்: நாளைக்கு நான் சினிமா போறேன். செந்தர ஜெர்மனில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும். சினிமாவுக்கு முன்னே 'இன்ஸ்' என்ற இடைச்சொல் வேண்டும். இரண்டும் இங்கே இல்லை. உடனே 'துருக்கி மொழி புகுந்து கெடுத்துவிட்டது' என்கிறார்கள். தமிழ் வாசகருக்கு இது எவ்வளவு தவறு என்பது சட்டென விளங்கும். துருக்கி மொழியும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைப்பது. 'பள்ளிக்கு' என்பதுபோல இடப்பெயரோடு உருபை ஒட்டுவது. துருக்கி புகுந்திருந்தால் வினை கடைசிக்குப் போயிருக்க வேண்டும், உருபு கூடியிருக்க வேண்டும். இங்கே வினை மூன்றாம் இடத்தில் நிற்கிறது, உருபோ இல்லை. முதலில் காலம், அடுத்து யாரைப் பற்றிய பேச்சு, பிறகு வினை என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது.

இடைச்சொல் இல்லாத இடப்பெயரும் வெளியிலிருந்து வந்ததல்ல. 'நான் இப்போ அலெக்சாண்டர்பிளாட்ஸ்' என்று தொலைபேசியில் சொல்லாத பெர்லின்வாசி அரிது. வீசெயின் குழு க்ரொய்ட்ஸ்பெர்க் பேச்சோடு, பெர்லினிலேயே பெரும்பாலும் ஜெர்மன் மட்டுமே பேசும் ஹெல்லர்ஸ்டோர்ஃப் பகுதி இளைஞர்களின் பேச்சையும் பதிவுசெய்தது. அங்கும் இந்த வழக்கு குறைந்த அளவில் கேட்கிறது. உச்சரிப்பிலும் இதே கதைதான். 'நான்' என்ற சொல்லை அழுத்தமான 'ஷ்' ஒலியோடு 'இஷ்' என்பதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள், கொலோன் நகரத்துப் பாட்டிகளும் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பாட்டி சொன்னால் மண்வாசனை, துருக்கிக் குடும்பத்து முராத் சொன்னால் மொழிக்கொலை. ஒரே ஒலிக்கு இரண்டு தீர்ப்பு வழங்கும் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுவது மொழியே அல்ல, பேசுகிறவனின் குலம் கோத்திரம்.

'இவர்களுக்கு வேறு மாதிரிப் பேசவே தெரியாது' என்பார்கள். அதையும் சோதித்தாயிற்று. இளைஞர்களுக்கு ஒரு சிறு வாகன விபத்தைப் படமாகக் காட்டி, அதை நண்பனுக்கும் பிறகு போலீசுக்கும் சொல்லும்படி கேட்கும் முறையை வீசெ வகுத்தார். பேச்சிலும் எழுத்திலும் இரண்டையும் பதிவுசெய்கிறார்கள். நண்பனிடம் ஒரு ஜெர்மன், போலீசிடம் இன்னொரு ஜெர்மன் என்று ஆளறிந்து மாற்றிப் பேசுகிறார்கள். வீட்டில் துருக்கியோ ரஷ்யனோ பேசுகிறவர்களும் ஜெர்மன் மட்டுமே தெரிந்தவர்களும் இதில் ஒன்றுபோலத்தான்.

இருந்தும் பழி வீட்டுமொழிவரை போய்விட்டது. 2014 டிசம்பரில் பவேரியாவின் ஆளுங்கட்சியான கிறித்தவ சமூக ஒன்றியத்தின் வரைவுத் தீர்மானம் ஒன்று, குடியேறியவர்கள் குடும்பத்துக்குள்ளும் ஜெர்மன் பேச வலியுறுத்தப்பட வேண்டும் என்றது. கண்டனமும் கேலியும் எழுந்ததும் வாசகத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அந்த எண்ணம் மழலையர் பள்ளி வாசல்களில் இன்னும் உயிரோடிருக்கிறது. வீட்டில் ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசும் குடும்பத்துக்கு அந்த அறிவுரை எளிதில் வருவதில்லை. துருக்கியும் அரபியும் தமிழும் பேசும் வீடுகளுக்கே வருகிறது.

1980-களிலிருந்து ஈழத்தமிழர் பல்லாயிரக்கணக்கில் ஜெர்மனியில் வேரூன்றியிருக்கிறார்கள். இதை வாசிக்கும் உங்களுக்கு அங்கே ஓர் அக்காவோ சித்தப்பாவோ இருக்கலாம். வீட்டுத் தமிழ் குழந்தையின் ஜெர்மனைத் தின்றுவிடாது. மழலையர் பள்ளியில் ஜெர்மனை நிறையக் கேட்கவும் பேசவும் வாய்ப்புத்தான் வேண்டும். பள்ளியிடம் அந்த வாய்ப்பைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஜெர்மன் வர வேண்டுமானால் வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யார் சொன்னாலும், நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.