தாய்மீது சுமத்தப்படும் பழி

அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றில் மூன்று வயதாகியும் வாய் திறவாத பிள்ளைக்கு இருவகை விளக்கங்கள் கூறப்படுவதுண்டு. காத்துக் கறுப்பு என்பது ஒன்று. தாய் கொழுந்தெடுக்கப் போய்ப் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டதன் விளைவு என்பது மற்றையது. முன்னையது அறியாமை. பின்னையதோ அறிவின் வேடமணிந்து வருவது; ஆதலின் கொடியது.

இப்பழி புதியதுமன்று. 1943இல் பதினொரு பிள்ளைகளை விவரித்து ஓட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகஞ்செய்த லியோ கன்னர், பெற்றோரின் அன்பு வறட்சியையும் சுட்டினார். ஓட்டிசம் உடல்சார் காரணமுடையது என 1964இலேயே பேர்னாட் றிம்லண்ட் வாதிட்டிருந்தும் (அவர் அத்தகைய பிள்ளையொன்றின் தந்தை), 1967இல் புரூனோ பெற்றல்ஹைம் தாயையே குற்றவாளியாக்கி நூலெழுதினார். 1977இல் வெளியான பிரித்தானிய இரட்டையர் ஆய்வு பரம்பரையின் பங்கைக் காட்டியது. மேலைத்தேய அறிவுலகம் கைவிட்ட பழியை மலையகத் தாயின் கூடையில் ஏற்றுவது எவ்வகை அறிவு?

இலங்கையின் அரைநகர்ப் பகுதியொன்றில் நடத்தப்பெற்று 2009இல் வெளியான ஆய்வு, 18 முதல் 24 மாதப் பிள்ளைகளுள் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டது. தோட்டப் பிள்ளைகள் மட்டும் இதற்கு விலக்காவரோ? பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமை, ஒரே அசைவை ஓயாது செய்தல் ஆகிய அறிகுறிகளை முதலிற் காணத்தக்கவர், பல பிள்ளைகளை ஒருசேரப் பார்க்கும் பிள்ளைக் காம்பராப் பணிப்பெண்ணே. பழிக்கப்படும் இடமே பயன்படக்கூடிய இடம்! அவருக்குப் பயிற்சி அளிக்கப்படட்டும். தமிழறிந்த பேச்சுச் சிகிச்சையாளர் மாதமொருமுறையேனும் தோட்டத்துக்கு வரட்டும். நாட்சம்பளத்தை இழந்து நுவரெலியாவுக்கு பஸ் ஏறும் தாய்க்குப் பாசம் போதிக்க விரும்புவோர் அதன்பின் போதிக்கலாம்.