இருமல் மருந்துக்கு ரசீது எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

புதுச்சேரி மருந்துக்கடைகளில் இருமலுக்கும் நெஞ்சுச் சளிக்கும் மருந்து விற்கப்படும் விதத்தையும், அதைக் கண்டும் காணாமல் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையையும் கண்டித்து இதை எழுதுகிறேன்.

மழைக்காலம் தொடங்கிவிட்டால் முத்தியால்பேட்டையில் இருமல் சத்தம் கேட்காத வீடு குறைவு. ஜிப்மர் இருக்கிறது, கடற்கரைப் பக்கம் ஜி.எச். இருக்கிறது, கோரிமேட்டில் மார்பு நோய்க்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. இத்தனை இருந்தும் எங்கள் பகுதி மக்கள் முதலில் போய் நிற்பது தெருமுனை மெடிக்கலில்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் கூலி வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளம் போய்விடும். மெடிக்கலில் "ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

என் அம்மாவுக்கு ஐப்பசி அடைமழையில் பிடித்த சளி, பொங்கல் கழிந்தும் விடவில்லை. படுத்தால் இருமல், எழுந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் மூச்சு. விலா எலும்பு வலிக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கடையில் ஒரு சிரப்பும் சில மாத்திரைகளும் கொடுத்தார்கள். மாத்திரை அட்டையைக் கத்தரியால் நறுக்கி, சின்ன பேப்பர் கவரில் போட்டுத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். மருந்தின் பெயரில் பின்பாதிதான் இருந்தது. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்டிருந்த முனை கடையிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் போய் ரசீது கேட்டேன். "இருமல் மருந்துக்கு எதுக்கும்மா பில்லு?" என்றார் கடைக்காரர். மருத்துவரின் சீட்டு இருக்கிறதா என்று அவர் முதலிலும் கேட்கவில்லை, அப்போதும் கேட்கவில்லை.

பேட்ச் எண் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பவர்கள் 2025 அக்டோபரை நினைத்துப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' என்ற சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சாதாரண சளிக்கும் இருமலுக்கும் கொடுத்த மருந்து அது. தமிழ்நாடு அரசின் ஆய்வகம் பரிசோதித்தபோது டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம். தொழிற்சாலைகளில் பயன்படும் அந்தத் திரவம் நிறமற்றது, இனிப்பானது, விலையும் குறைவு. கண்ணால் பார்த்தோ நாக்கில் வைத்தோ எந்தத் தாயும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அவள் கையில் இருக்கும் ஒரே துப்பு புட்டியில் ஒட்டிய பேட்ச் எண்தான். கோல்ட்ரிஃப் விஷயத்திலும் எஸ்.ஆர்.13 என்ற அந்த எண்ணை வைத்துத்தான் அதிகாரிகள் சரக்கைத் தேடிப் பிடித்தார்கள்.

இது முதல் தடவையும் அல்ல. இதே நச்சு 1972-ல் சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது. 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர் இறந்தார்கள். 2022-ல் இந்தியாவிலிருந்து போன இருமல் சிரப்புகளால் காம்பியாவில் எழுபது குழந்தைகள் வரை இறந்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த ஆபத்து இது.

கோல்ட்ரிஃப்பை அக்டோபர் 1-ம் தேதி தமிழ்நாடு தடை செய்தது. பிறகு சில நாட்களில் நம் அரசும் தடை செய்தது. முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. அங்கே விற்கக் கூடாது என்று நிறுத்திய மருந்து, எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு நாள்கூட அலமாரியில் இருந்திருக்கக் கூடாது. அண்டை மாநிலத்தில் ஒரு மருந்து நிறுத்தப்பட்டால் அதே நாளில் இங்கேயும் நிறுத்த என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதைத் துறை மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள், 2025 இறுதியில், பெயர்பெற்ற நிறுவனத்தின் மருந்துகளைப் போலியாகத் தயாரித்த கூடங்கள் நம் புதுச்சேரிக்குள்ளேயே சி.பி.சி.ஐ.டி. போலீசாரின் சோதனையில் சிக்கின. விசாரணை ஒரு பக்கம் நடக்கட்டும். வீட்டில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு நோயாளிக்கு, தன்னிடம் இருப்பது நல்லதா போலியா என்று யார் சொல்வது? தரப் பரிசோதனையில் தேறாத மருந்துகளின் பெயர், நிறுவனம், பேட்ச் எண் ஆகியவற்றை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் இணையத்தில் வெளியிடுகிறது. ஆங்கிலத்தில் வெளிவரும் அந்தப் பட்டியலைத் தேடிப் படித்து, நறுக்கிய அட்டையோடு ஒப்பிட என் அம்மாவால் முடியுமா? எங்கள் பகுதியில் ஒரு கடை வாசலிலும் அப்படி ஒரு பட்டியலை நான் பார்த்ததில்லை.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். சளிக்காய்ச்சல் போன பிறகும் இருமல் மூன்று வாரம் வரை இழுப்பது வழக்கம்தான். அத்தகைய இருமல்களில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, ஆன்டிபயாடிக் அவற்றைத் தொடாது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அரசே வகுத்த விதி. சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். உலகிலேயே காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு நம்முடையது. காசநோயை 2025-க்குள் ஒழிப்போம் என்றார்கள், அந்த ஆண்டும் போய்விட்டது. இந்த நிலையில் மெடிக்கலில் சர்வசாதாரணமாக எடுத்துத் தரும் லீவோஃபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, காசநோயைக் குணப்படுத்தாமல் அறிகுறியை மட்டும் சில காலம் அமுக்கி வைத்துவிடும். நோயாளி தேறிவிட்டதாக நினைப்பார். நோய் உள்ளே வளரும், வீட்டிலிருக்கும் குழந்தைக்கும் தொற்றும். இத்தகைய மருந்துகளை 'ஹெச்1' என்ற அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 முதல் நடப்பில் உள்ள விதி. சீட்டே கேட்காத கடையில் அந்தப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கும்? துறை ஆய்வாளர்கள் அதை எப்போது புரட்டிப் பார்த்தார்கள்?

கடைக்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கும் கதவைத் திறந்து, மூச்சுத்திணறும் பிள்ளைக்கு நெபுலைசர் மருந்து எடுத்துக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு சிரப் வேண்டாம், டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கண்காணிக்க வேண்டிய துறை வீதிக்கு வராததால், ஒழுங்காக நடப்பவருக்கும் நடக்காதவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது. ஒழுங்காக நடப்பவருக்குத்தான் வியாபாரம் குறைகிறது.

சுகாதாரத் துறையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் இந்த மழைக்காலத்துக்குள்ளாவது செய்ய வேண்டியவை இருக்கின்றன. அட்டையை நறுக்கிக் கொடுத்தாலும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் எழுதிய ரசீது இல்லாமல் ஒரு மாத்திரைகூடக் கடையை விட்டு வெளியே போகக் கூடாது. தரமற்றவை என்று அறிவிக்கப்பட்ட மருந்துகளின் பட்டியல் தமிழில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு மருந்துக்கடையிலும் அங்கன்வாடியிலும் தொங்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த நேரத்தில் இலவசமாகச் சளி கொடுக்கலாம் என்றும் எழுதியிருக்க வேண்டும். கூலிக்காரர்கள் வேலை முடிந்து வருவதற்கு வசதியாக வாரத்தில் சில நாளாவது அந்தப் பரிசோதனை மாலையில் நடக்க வேண்டும். புதுச்சேரிக் கடைகளிலிருந்து எத்தனை இருமல் மருந்துகளை எடுத்துப் பரிசோதித்தார்கள், எத்தனை தேறவில்லை, அந்தக் கடைகள் மீது என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்பதைத் துறை மாதாமாதம் உங்களைப் போன்ற பத்திரிகைகளில் வெளியிட வேண்டும். அந்த விவரத்தை இதுவரை ஏன் மக்கள் முன் வைக்கவில்லை என்பதற்கு உங்கள் பத்திரிகை வாயிலாகவே துறை பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.