ரசவாதத்திற்குத் தத்துவார்த்தமா?

ரசவாதம் என்பது இன்னதென்று நமது வாசகர்களுக்கு நாம் அதிகமாக விளக்க வேண்டியதில்லை. ஈயம், செம்பு, பாதரசம் முதலிய விலை குறைந்த உலோகங்களைப் பொன்னாக்கிவிடலாம் என்பதும், அதற்கென்று ஒரு கல் இருக்கின்றது என்பதும், அந்தக் கல்லைச் சிறிது உட்கொண்டால் நோயும் மூப்பும் அணுகாது என்பதுமே ரசவாதமாகும். அக்கல்லை நம் நாட்டார் பரிசவேதி என்றார்கள். ஐரோப்பியர் ஞானிகளின் கல் என்றார்கள். இதுவரையில் எல்லாம் தெளிவான பேச்சேயாகும். செய்து காட்டியதைக் கட்டளைக்கல்லில் உரைத்து, உண்டா இல்லையா என்று ஒரே நாளில் தீர்த்துவிடக்கூடிய பேச்சாகும்.

ஆனால் படித்தவர்கள் என்பவர்களில் சிலர் இப்போது வேறு விதமாகப் பேசுகின்றார்கள். அதாவது, "ரசவாதிகள் சொன்ன பொன் கடைத்தெருவில் விற்கும் பொன் அல்ல, ஈயம் என்றது அஞ்ஞானத்தில் கிடக்கும் மனம், நெருப்பு என்றது தவம், கல் என்றது ஆத்மஞானம், இந்த உட்பொருளை அறியாத பாமரர்களே அடுப்பை மூட்டி ஏமாந்து போனார்கள்" என்கின்றார்கள். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் அழகாயிருப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா? ரசவாதம் மிகுதியாக நடைபெற்ற ஐரோப்பாவின் சரித்திரத்தையே எடுத்துக்கொண்டு இதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

முதலாவதாக, ரசவாதிகள் முட்டாள்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அரபு நாட்டில் ஜாபிர் என்பவர் பெயரால் வழங்கும் நூல்களில், உலோகங்கள் எல்லாம் பாதரசமும் கந்தகமும் வெவ்வேறு அளவில் கூடி உண்டானவை என்று சொல்லப்பட்டிருக்கின்றது. அது உண்மையானால், அளவை மாற்றினால் ஈயம் பொன்னாக வேண்டியதுதானே? அந்தக் காலத்து அறிவுக்கு அது நியாயமான யூகமேயாகும். அந்த யூகத்தை நம்பித்தான் நூற்றுக்கணக்கான வருஷங்கள் ஐரோப்பாவில் உலைகள் எரிந்தன. கரி வாங்கினார்கள், மூசை செய்தார்கள், துருத்தி ஊதினார்கள், கண்ணும் நெஞ்சும் கெட பாதரசப் புகையைச் சுவாசித்தார்கள். மனத்தைப் பக்குவப்படுத்துவதற்கு இவ்வளவு கரி எதற்கு என்று நாம் கேட்கின்றோம்.

இரண்டாவதாக, அக்காலத்து அரசர்களும் குருமார்களும் ரசவாதத்தை எப்படி எண்ணினார்கள் என்று பாருங்கள். 1317ம் வருஷத்தில் போப் 22ம் ஜான் என்பவர், பொய்ப் பொன் செய்யும் ரசவாதிகளைத் தண்டிக்கும்படி உத்தரவு போட்டார். 1404ம் வருஷத்தில் இங்கிலாந்தில் 4ம் ஹென்றி அரசன் காலத்தில், பொன்னையோ வெள்ளியையோ பெருக்குவது பெருங்குற்றம் என்று சட்டம் செய்யப்பட்டது. அந்தச் சட்டம் 1689ல்தான் ரத்தாயிற்று. அதை ரத்து செய்யப் பாடுபட்டவர்களில் ராபர்ட் பாயில் என்னும் பெரிய விஞ்ஞானியும் ஒருவர். ரசவாதிகள் பெருக்கியது ஆத்மஞானம் என்றால், குடிகள் ஆத்மஞானத்தை அதிகமாகப் பெருக்கிவிடுவார்களே என்று எந்த அரசனாவது பயந்து சட்டம் செய்வானா? தன் நாணயம் கெட்டுப்போகும் என்றல்லவா பயந்திருக்கின்றான்!

பெட்கர் என்ற வாலிபனின் கதை இதற்கு மற்றொரு அத்தாட்சியாகும். பெர்லின் நகரத்தில் மருந்துக்கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்த இவன், தனக்குப் பொன் செய்யத் தெரியும் என்று பேர் வாங்கிவிட்டு, பிரஷ்ய அரசனுக்குப் பயந்து 1701ல் சாக்ஸனி நாட்டுக்கு ஓடினான். அங்கே ஆகஸ்டஸ் என்னும் அரசன் அவனைப் பிடித்துக் காவலில் வைத்து, பொன் செய்து கொடு என்று வருஷக்கணக்கில் வாட்டினான். அரசன் அவனை அடைத்துவைத்தது ஞானோபதேசம் கேட்பதற்கா?

இனி, மோசடி செய்தவர்களின் சங்கதி. மூசைக்கு இரட்டை அடி வைத்து, கீழே பொன்னை மறைத்து மேலே மெழுகால் மூடினார்கள். துளையுள்ள கோலுக்குள் பொற்றூளை அடைத்து, அந்தக் கோலாலேயே உருகிய ஈயத்தைக் கிண்டினார்கள். இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிரைஸ் என்பவர், ராயல் சொசைட்டி என்னும் பெரிய விஞ்ஞானச் சங்கத்தின் அங்கத்தினராயிருந்தும், 1782ல் கனவான்கள் பலரைக் கூட்டிவைத்துப் பாதரசத்தைப் பொன்னாக்கியதாகக் காட்டினார். சங்கத்தார் தங்கள் முன்னிலையில் திருப்பிச் செய்து காட்டும்படி கேட்டார்கள். செய்து காட்ட முடியாமல் 1783ல் அவர் விஷம் குடித்து மாண்டார். அந்த மனிதருக்காக நாம் வருந்துகின்றோம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். "நான் சொன்ன பொன் உள்ளத்துப் பொன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழி அவருக்குத் தோன்றவில்லை. அந்த வழி அப்போது இன்னும் நன்றாகத் திறக்கப்படவில்லை!

அப்படியானால் அந்த வழி எப்போது திறந்தது? நியாயமாகப் பேச வேண்டுமானால், பக்தியும் ரசவாதமும் ஆதியிலிருந்தே கலந்திருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுமார் கி.பி. 300ல் எகிப்தில் இருந்த ஸோஸிமோஸ், உலைக்கள வேலைகளைக் கனவுகளாகவும் பலிகளாகவும் எழுதியிருக்கின்றார். ஜெர்மனியில் யாக்கோப் பேமே (1575-1624) என்ற செருப்புத் தொழிலாளி, தமது மதக் கருத்துகளைச் சொல்ல ரசவாதிகளின் வார்த்தைகளை எடுத்துக்கொண்டார். உலைக்கூடத்தில் பிரார்த்தனை செய்தவர்களும் உண்டு. ஆனால் அதனால் என்ன? உலை வைக்கிற அம்மாள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே அரிசி களைந்தால், அரிசி என்பது அரிசியல்ல, அதற்கு வேறு உட்பொருள் உண்டு என்று ஆகிவிடுமா? சோறு வெந்தால்தானே பசி தீரும்!

1789ல் பிரான்ஸ் தேசத்து லவாய்சியர் தமது ரசாயன நூலில், பிரிக்க முடியாத மூலப் பொருள்கள் என்று 33 பொருள்களை வரிசைப்படுத்தினார். அதில் பொன் ஒரு மூலப்பொருள். ஈயம் ஒரு மூலப்பொருள். பாதரசம் ஒரு மூலப்பொருள். உலையில் வைத்து ஒன்றை மற்றொன்றாக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அத்தோடு ஆதாரம் போய்விட்டது. கடையில் சரக்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான், "இது சரக்கு விற்கும் கடையல்ல, இது கோயில்" என்ற பலகை பெரிதாக மாட்டப்பட்டது. 1850ல் இங்கிலாந்தில் மேரி ஆன் அட்வுட் அம்மையார், ரசவாதம் என்பது மனிதனை உள்ளுக்குள் மாற்றும் ரகசிய வித்தை என்று ஒரு பெரிய புத்தகம் போட்டார். பிறகு அவரும் அவர் தகப்பனாரும், பரிசுத்தமான ரகசியத்தை வெளியிட்டுவிட்டோமே என்று பயந்து, கைக்குக் கிடைத்த பிரதிகளையெல்லாம் திரும்ப வாங்கிக் கொளுத்திவிட்டார்கள். மனிதனைத் திருத்தும் உண்மை என்றால் ஊருக்கெல்லாம் அல்லவா சொல்ல வேண்டும்? கொளுத்துவானேன்? 1857ல் அமெரிக்காவில் ஹிட்ச்காக் என்னும் ராணுவ அதிகாரி, ரசவாதத்தின் பொருள் மனிதனே என்று எழுதினார். 1944ல் யுங் என்னும் மனோதத்துவ டாக்டர், ரசவாதச் சித்திரங்கள் மனத்தின் ஆழத்திலுள்ளவை என்று ஒரு புத்தகம் எழுதினார். அண்மைக் காலத்தில் லாரன்ஸ் பிரின்சிபே, வில்லியம் நியூமன் என்ற சரித்திர ஆசிரியர்கள், ரசவாதிகளின் குறிப்புகளைப் படித்து, அவற்றில் சிலவற்றைச் சோதனைச்சாலையிலும் செய்து பார்த்து, அவர்கள் மூடுமந்திரமாக எழுதியவற்றில் பல உண்மையான ரசாயன வேலைகளே என்று காட்டியிருக்கின்றார்கள்.

இந்தத் தந்திரம் ஐரோப்பாவுக்கு மாத்திரம் உரியதென்று எண்ணிவிட வேண்டாம். நமது திருவிளையாடற் புராணத்திலும் இரசவாதம் செய்த படலம் என்று ஒன்று இருக்கின்றது. சிவன் சித்தராக வந்து, திருப்பூவணத்துப் பொன்னனையாள் வீட்டுப் பாத்திரங்களைப் பொன்னாக்கினார் என்பது அந்தக் கதை. நம்புகிறவர்களிடம் அது நடந்த கதை. கேள்வி கேட்கிறவர்களிடம் அது தத்துவார்த்தம். ஒரே கதைக்கு ஆளுக்கொரு விலை வைப்பது எந்த வியாபாரத்தில் யோக்கியம் என்று தெரியவில்லை.

இதனால் யாருக்கு நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். முதல் நஷ்டம் உண்மையாகப் பாடுபட்டவர்களுக்கே. 1669ல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் என்பவர், கல்லைத் தேடி மூத்திரத்தைக் காய்ச்சிக் காய்ச்சிக் கடைசியில் இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸைக் கண்டார். மேலே சொன்ன பெட்கர், ஷிர்ன்ஹௌஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து 1708ல் சீனத்துப் பீங்கானைப் போன்ற பீங்கான் செய்யக் கண்டுபிடித்தான். 1710ல் மைஸன் தொழிற்சாலை உண்டாயிற்று. நியூட்டன் ரசவாதத்தைப் பற்றி ஏறக்குறைய 10 லட்சம் வார்த்தைகள் எழுதி வைத்ததோடு நில்லாமல், உலை மூட்டி, உருக்கி, நிறுத்துப் பார்த்துக் குறிப்பெழுதினார். இவர்கள் தேடியது கிடைக்கவில்லை. ஆனால் தவறிப் போகக்கூடிய காரியத்தில் துணிந்து இறங்கித் தவறினார்கள். தவறினேன் என்று தெரிந்துகொள்கிறவனுக்குத்தான் அடுத்த அடி வைக்க வழி உண்டு. "அவர்கள் செய்ததெல்லாம் தியானம்" என்று சொல்லுவது அவர்கள் உழைப்பைத் திருடுவதாகும்.

இரண்டாவது நஷ்டம் நமக்கு. இந்தத் தத்துவார்த்தத்தில் ஒரு விஷம் மறைந்திருக்கின்றது. ஈயம் ஈனமானது, பொன் உயர்வானது என்று வைத்துக்கொண்டு, மனிதரில் பெரும்பாலோரை ஈயமாக்கி, தங்களிடம் மாத்திரம் கல் இருப்பதாகச் சிலர் உட்கார்ந்துகொள்ளுகிறார்கள். ஈயமாய் இருப்பவன் கல் வைத்திருப்பவன் காலில் விழ வேண்டியதுதானே என்ற முடிவு தானே வந்து சேருகின்றது. பிறவியிலேயே மனிதன் ஈயம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அவனுக்கு மானம் எங்கே, அறிவு எங்கே?

கடைசியாக, பொன் செய்ய முடியுமா என்றால், இன்று முடியும். அணுவின் கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே உலோகத்தை உலோகமாக்குகின்றது என்று தெரிந்த பிறகு, 1980ல் அமெரிக்காவில் பெர்க்லி சோதனைச்சாலையில் சீபோர்க் முதலானோர் பிஸ்மத்திலிருந்து பொன் அணுக்களை உண்டாக்கினார்கள். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் சோதனைச்சாலையில் 2015 முதல் 2018 வரை ஈய அணுக்களை வேகமாக ஓடவிட்டதில், சுமார் 8,600 கோடி பொன் அணுக்கருக்கள் உண்டாயின என்று 2025ல் அறிவித்தார்கள். அதன் எடை என்ன? ஒரு கிராமை ஒரு லட்சம் கோடி பங்காக்கினால், அதில் 29 பங்கு! அதுவும் கண் இமைப்பதற்குள் சிதைந்துபோயிற்று. செலவோ பொன்னின் விலையைவிடப் பல கோடி மடங்கு. அவர்கள் இதற்கு உட்பொருள் சொல்லவில்லை. எண்ணைச் சொன்னார்கள்; எடையைச் சொன்னார்கள்; சந்தேகப்படுகிறவர்கள் கணக்குப் பார்க்கட்டும் என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

அந்தக் கணக்கில் ஈயத்துக்கு 82 புரோட்டான்கள், பொன்னுக்கு 79. அதாவது ஈயம் பொன்னாவதற்கு ஒன்றும் உயர வேண்டியதில்லை. தன்னிடமுள்ள மூன்றை இழக்க வேண்டும். ஈனம் என்றும் உயர்வு என்றும் பேசியதெல்லாம் மனிதன் கட்டிய விலையே ஒழிய, பொருளில் இல்லை.

ஆகவே தோழர்களே! கல் இருக்கின்றது என்று ஒருவன் வந்தால், செய்து காட்டு என்று கேளுங்கள். கல்லுக்கு உட்பொருள் இருக்கின்றது என்று ஒருவன் வந்தால், நீ சொல்வது தப்பாயிருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேளுங்கள். முதல் ஆசாமி பிடிபட்டுவிடுவான். பதில் சொல்லாமல் புன்சிரிப்புச் சிரிக்கின்ற இரண்டாவது ஆசாமியிடம்தான் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மனத்தைத் திருத்த வேண்டுமென்றால், திருத்து என்று நேராகச் சொல்லட்டும். அதற்கு ஈயமும் வேண்டாம், பொன்னும் வேண்டாம், ரகசியமும் வேண்டாம்.