இன்ஜின் புதுசு... டியூப் பழசு!



ஈ.சி.ஆர்-ல பாண்டிச்சேரி ட்ரிப் அடிக்காத காலேஜ் கேங் உண்டா? சென்னையிலிருந்து சுமார் 120 கி.மீ. போனா மரக்காணம். ரோட்டோரம் கண்ணாடி பதிச்ச மாதிரி உப்புப் பாத்திகள், நடுநடுவே வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல்கள். எல்லாரும் வண்டியை ஓரங்கட்டி போட்டோ எடுப்போம். இந்த வாரம் நாம கொஞ்சம் குனிஞ்சு, வந்த வண்டிக்கு அடியில எட்டிப் பார்க்கப் போறோம். அதுவும் அந்த வண்டி இன்ஜின் மாத்தின பழைய அம்பாஸடரா இருந்தா, கண்டிப்பா பார்த்தே ஆகணும்!

அம்பி மாத்தின இன்ஜின்கள்

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையா வச்சு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில கொண்டுவந்த கார் அம்பாஸடர். கொல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவில் தயாராகி, 2014-ல் உற்பத்தி நின்னது. வெளியில பார்த்தா கடைசி வரைக்கும் அதே குண்டு உருவம்தான். ஆனா, பானட்டுக்குள்ள நிறைய மாறிடுச்சு. ஆரம்பத்துல ஒரு பெட்ரோல் இன்ஜின், அப்புறம் 1,489 சிசி பெட்ரோல், 1980 வாக்குல டீசல், 1990-களில் ஜப்பானின் இசுஸு டிசைன்ல 1.8 லிட்டர் பெட்ரோல்... ஆக, இன்ஜின் மாத்தறதை ஆரம்பிச்சு வச்சதே கம்பெனிதான்!

ஆனா, ஒரு வித்தியாசம். கம்பெனி இன்ஜினை மாத்தினா, அதுக்கேத்த மாதிரி டேங்க்குலேர்ந்து வர்ற பைப்பையும் சேர்த்து டிசைன் பண்ணும். ஷெட்டுல நாம மாத்தும்போது இன்ஜின் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மவுன்ட்டிங், கியர்பாக்ஸ், ரேடியேட்டர்னு பட்ஜெட் கரைஞ்சு போய், கடைசியில டியூப்கிட்ட வரும்போது, ‘இருக்கறதே போதும்ணே’னு முடிஞ்சிடும். வில்லன் அங்கேதான் என்ட்ரி!

ஸ்ட்ரா தியரி

கேன்டீன்ல ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவுல ஊசியால ஒரு ஓட்டை போடுங்க. உறிஞ்சினா என்ன ஆகும்? காத்து வரும், ஜூஸ் ஒழுங்கா ஏறாது. அதே ஸ்ட்ராவை வாய் நிறைய ஜூஸோட ஊதிப் பாருங்க. ஓட்டை வழியா பக்கத்துல இருக்கறவன் சட்டையில அடிக்கும்.

கார்புரேட்டர் வச்ச பழைய பெட்ரோல் வண்டிகளில் பம்ப் பெரும்பாலும் இன்ஜின்லயே இருக்கும். பின்னாடி டிக்கிப் பக்கம் இருக்கிற டேங்க்குலேர்ந்து முன்னாடி வரைக்கும் பெட்ரோலை அது உறிஞ்சி இழுக்குது. பைப்ல பொட்டு ஓட்டை இருந்தா காத்து புகுந்து வண்டி திணறும், நிக்கும். கடுப்பாகும்... அவ்வளவுதான்.

அதே வண்டியில எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினைத் தூக்கி வச்சா கதையே தலைகீழ். இப்போ பம்ப் டேங்க்குக்குள்ளேயோ டேங்க் பக்கத்துலயோ இருக்கும். அங்கிருந்து முன்னாடி தள்ளும். கார்புரேட்டருக்கு 3, 4 பி.எஸ்.ஐ. போதும். இதுக்கு 40 பி.எஸ்.ஐ-க்கு மேல வேணும். கார் டயர்ல நாம அடிக்கிற காத்தே 30 சொச்சம்தான்! நேத்து வரைக்கும் காத்தை உள்ளே இழுத்த அதே ஓட்டை, இன்னிக்கு பெட்ரோலை ஸ்ப்ரேயா வெளியே பீய்ச்சும். பக்கத்துலயே சூடான சைலன்ஸர் இருந்தா... சொல்லவே வேணாம். உள்ளே உட்கார்ந்திருக்கறது நம்ம கேங்!

டீசலுக்கு ரெண்டு பைப்

பெட்ரோல் அம்பிக்கு டீசல் இன்ஜின் வைக்கிறது நம்ம ஊர்ல ரொம்ப நாளா நடக்கற வேலை. இதுல மறந்துபோற விஷயம், ரிட்டர்ன் லைன். டீசல் பம்ப்புலயும் இன்ஜெக்டர்லயும் மிச்சமாகிற டீசல் டேங்க்குக்கே திரும்பிப் போகணும். பழைய பெட்ரோல் வண்டியில அப்படி ஒரு பைப்பே இருந்திருக்காது. அதனால சிலர் ரிட்டர்னை ஒரு ‘டி’ போட்டு, வர்ற லைன்லயே சொருகிடுவாங்க. சூடான டீசலும் அதுல இருக்கிற காத்துக் குமிழும் அங்கேயே சுத்திச் சுத்தி வரும். அப்புறம் நடுரோட்டுல ‘ஏர் புடிச்சிருச்சு’ன்னு கையால பம்ப் அடிச்சுக்கிட்டு நிக்கணும்.

ரிட்டர்னுக்காக டேங்க்ல ஒரு நிப்பிள் வைக்கணுமா? ‘டேங்க் காலியாதான்ணே இருக்கு, வெல்டிங் வச்சுடலாம்’னு யாராவது சொன்னா ஓடிப் போய்த் தடுங்க. காலி பெட்ரோல் டேங்க்தான் ரொம்ப டேஞ்சர். உள்ளே இருக்கிற ஆவியும் காத்தும் கலந்து, ஒரே பொறியில வெடிக்கும். டேங்க் மேல மீட்டர் யூனிட்டை மூடியிருக்கிற தகட்டைக் கழட்டி, அதைத் தனியா வெளியே எடுத்து அதுல நிப்பிள் வைக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

எந்தப் பக்கம் ஓட்டறது?

பைப் போற ரூட்டுக்குச் சில ரூல்ஸ் இருக்கு. சைலன்ஸர் ஒரு பக்கம் போனா, பைப் எதிர்ப்பக்கம் போகணும். சூடு பட்டா பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி வண்டி மடங்கும், அதுக்குப் பேர் வேப்பர் லாக். புதுசா வைக்கிற இன்ஜின்ல எக்ஸாஸ்ட் பழைய இன்ஜினுக்கு எதிர்ப்பக்கம் இருந்தா, பழைய ரூட்டே செல்லாது. சுத்துற புரொப்பல்லர் ஷாஃப்ட் கிட்ட போகக் கூடாது. கல் அடிக்கிற இடத்துல தொங்கக் கூடாது. தகட்டுல ஓட்டை போட்டு நுழைச்சா ரப்பர் குரோமெட் கட்டாயம். பேட்டரி ஒயரோட சேர்த்துக் கட்டவே கூடாது. முழத்துக்கு ஒரு கிளிப் வேணும்.

நீளம் முழுக்க மெட்டல் பைப், ரெண்டு முனையில மட்டும் சின்ன ரப்பர் ஹோஸ். இன்ஜின் ஆடும், பாடி ஆடாது; நடுவுல ஹோஸ் கொஞ்சம் தளர்வா இருந்தாதான் பிய்யாது. ஹோஸ் மேல அச்சடிச்சிருக்கறதையும் படிங்க. ஜே30 ஆர்7-னு இருந்தா கார்புரேட்டருக்கு ஓகே. எம்.பி.எஃப்.ஐ-க்கு ஆர்9 வேணும். இப்போ பங்க்ல கிடைக்கிற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கறதால, பழைய ரப்பரை அப்படியே விட்டுவைக்கறது இன்னும் ரிஸ்க்.

இன்னொண்ணு. பழைய பம்ப், இன்ஜின் நின்னா தானா நின்னுடும். எலெக்ட்ரிக் பம்ப் அப்படியில்லை. வண்டி மோதி இன்ஜின் ஆஃப் ஆனாலும் பம்ப் ஓடிக்கிட்டே இருந்தா, அறுந்த பைப் வழியா பெட்ரோல் கொட்டும். இன்ஜின் நின்னா கரன்ட்டைக் கட் பண்ற ரிலே, மோதினா கட் ஆகிற சுவிட்ச் ரெண்டும் கேட்டு வாங்குங்க.

மரக்காணம் பாடம்

இப்போ உப்புக்கு வருவோம். மழை நாள்ல வீட்டு உப்பு ஜாடி ஏன் நசநசன்னு ஆகுது? காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா, உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைய ஆரம்பிச்சிடும். கடலோரத்துல ராத்திரி ஆனா இந்த அளவைத் தாண்டறது சர்வ சாதாரணம். வண்டிக்கு அடியில ஒட்டின உப்புத் தூசி, மழையே பெய்யாம உப்புத் தண்ணியாகிடும். இரும்பு துருப்பிடிக்க இதைவிட நல்ல மருந்து கிடையாது.

துரு எங்கே ஆரம்பிக்கும் தெரியுமா? பளிச்சுனு தெரியற இடத்துல இல்லை. கிளிப்புக்கு அடியில! அங்கேதான் சேறும் உப்பும் தங்கிக் காயாம இருக்கும். வெளியில பெயின்ட் பளபளன்னு இருக்கும், கிளிப்பைக் கழட்டினா பைப் கையோட வரும். அதனால கடலோர வண்டிகளில் கிளிப்பைக் கழட்டிப் பார்க்காம பைப்புக்கு சர்டிஃபிகேட் குடுக்காதீங்க.

இரும்புக்குப் பதிலா வெறும் செம்பு போடலாமா? அதிர்வுல இறுகி, விரிசல் விடும். செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோ நிக்கல் பைப் பெட்டர். கப்பல்ல கடல் தண்ணி ஓடற பைப்புகளே இதுலதான் செய்யறாங்க. நம்ம பழைய, தடிமனான 5 ரூபாய் காயினும் இந்தக் குடும்பம்தான்!

ஆர்.சி. புக் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதியில்லாம இன்ஜினை மாத்த முடியாது. ஆர்.சி-யில இருக்கிறதும் பானட்டுக்குள்ள இருக்கிறதும் ஒண்ணா இருக்கணும். 2021-ல் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டின வண்டியை வின்டேஜ்னு பதிவு பண்ணலாம். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் எதுவும் பண்ணியிருக்கக் கூடாது. தாத்தா காலத்து அம்பி கையில இருந்தா, ஸ்பானரை எடுக்கறதுக்கு முன்னாடியே இதை யோசிச்சுடுங்க.

அதையும் தாண்டி மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டா, மெக்கானிக் அண்ணன்கிட்ட முதல் கேள்வியா, “பிக்கப் எப்படிண்ணே இருக்கும்?”னு கேட்காதீங்க. “பைப் எந்தப் பக்கமா போகுது? ரிட்டர்ன் எங்கே சேருது?”னு கேளுங்க. பதில் சொல்ல அவர் உங்களை வண்டிக்கு அடியில கூட்டிட்டுப் போனா, சரியான ஷெட்டுக்குத்தான் வந்திருக்கீங்க!

அடுத்த வாரம்: ரேடியேட்டர். கொதிக்காம வாங்க!